வீங்காத கை

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. என் உடல்நலத்தில் ஆட்சேபிக்கத்தக்கது எதுவும் இல்லை. உன் நலத்தை விவரமாக எழுது. போன கடிதத்தை ‘இருக்கேன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட்டாய்; எந்த நீதிமன்றமும் அதைப் பதிலாக ஏற்காது. இங்கிருந்தபோது உனக்கிருந்த இருமல் நின்றதா?

அண்ணி காலமான பிறகு நீ விடுப்பெடுத்து வந்து என்னோடு தங்கிய இரண்டு மாதங்களுக்கு நான் முறையாக நன்றி சொல்லவில்லை. நீ அடுக்கிவைத்த அலமாரியை இன்றுவரை நான் கலைக்கவில்லை என்பதை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்.

இத்துடன் ஒரு சிறு பெட்டி அனுப்பியுள்ளேன். என்னிடம் வழக்குக் கொண்டுவந்த கட்சிக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கிய நாய்க்குக் கழுத்தில் கட்டி வந்திருக்கிறது. விற்றவரோ ‘பூரண ஆரோக்கியம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கட்டியிலிருந்து எடுத்த திசு மெழுகில் பதிக்கப்பட்டுப் பெட்டியில் உள்ளது. அதிலிருந்து சீவிய ஸ்லைடும் உள்ளது. மிருகங்களின் திசுவைப் பார்ப்பதே உன் தொழிலாதலால் உன் கருத்து தேவை. பரிவு காட்டாமல் எழுது. நாயிடம் யாரும் மென்று விழுங்கிப் பேசத் தேவையில்லை.

தொலைபேசியில் சொல்கிறேன் என்பாய். வேண்டாம். பேச்சில் வாய் தவறும், எழுத்தில் தவறாது.

அன்புடன்,
அண்ணன்

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் மாடுகளும் அவரவர் தட்டில் விழுவதைத் தின்றுகொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். இருமல் கொட்டகை கழுவும் மருந்தின் நெடியால் வருவது. இந்த ஆராய்ச்சி நிலையத்தில் அது இல்லாதவர்தான் சந்தேகத்துக்குரியவர்.

ஒரு நல்ல செய்தி. காசநோய் மாடுகளோடு புழங்கும் எங்கள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் முன்கையில் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். கிருமியை உடம்பு முன்பே சந்தித்திருந்தால் ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கும். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வீங்காத வருடமில்லை. இந்த முறை ஒன்றுமே இல்லை! கொட்டகை மேஸ்திரி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன டாக்டரம்மா, இத ஸ்கேலா வெச்சு கோடு போடலாம் போல இருக்கே!” என்றார். அன்று எல்லோருக்கும் என் செலவில் தேநீர்.

இனி உன் நாய். நிணநீர்க் கணுவின் திசு அது. புற்று இல்லை. இதை முதலில் படி, இரண்டு தடவை படி, பிறகு மற்றதைப் படி.

நடுவில் திசு செத்துத் தயிர்க்கட்டி போலக் கிடக்கிறது. அதைச் சுற்றி உடம்பின் காவல் செல்கள் தோளோடு தோள் நின்று மதில் கட்டியிருக்கின்றன. கொல்ல முடியாத ஒன்றை உடம்பு இப்படித்தான் சிறை வைக்கும். நான் தினமும் பார்ப்பதும் இதையேதான். காசநோய். மாத்திரையால் குணமாகும். உடனே தொடங்க வேண்டும். மெழுகிலிருந்து கொஞ்சம் சீவி, கிருமி எந்த வகை என்று அறியும் மரபணுச் சோதனைக்கும் கொடுத்திருக்கிறேன்.

நாயிடம் சில கேள்விகள் கேட்டு எழுது. சாப்பிடுகிறதா? எடை குறைந்ததா? தூங்கி எழும்போது தலையணை நனைந்திருக்கிறதா?

அன்புடன்,
தங்கை

*

பிப்ரவரி 19

அன்புத் தங்கைக்கு,

உன் கருத்துரை கிடைத்தது. நலமாகவே இருக்கிறேன், அதைப் பெற்ற பிறகு சற்றுக் கூடுதல் நலமாக.

மேற்படி நாய் அரை வயிறு சாப்பிடுகிறது. இடுப்பு வார் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. நாயின் கழுத்துவார் என்று திருத்தி வாசிக்கவும். தலையணை விஷயம் உண்மை. மருத்துவர் நான்கு வகை மாத்திரைகளைத் தொடங்கியிருக்கிறார். நாய் தவறாமல் விழுங்குகிறது.

உன் கடிதத்தைப் பிரித்தபோது குமாஸ்தா எதிரில் இருந்தார்.

“நாய் கேஸ்தானே சார்? அதுக்குப் போயி காகிதம் இப்படி ஆடுது?”

“விசிறிக் காற்றுய்யா.”

“விசிறி ஓடலையே சார்.”

இருபது வருடமாக என்னிடம் வேலை பார்த்துக் கெட்டுப்போன மனிதர். தேநீர் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

உன் கை சுத்தமானது குறித்து மகிழ்ச்சி. அந்தக் கொட்டகைகளை நினைத்து எனக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது; இனி இல்லை.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? என்னைப் பற்றிக் கேட்காதே. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். வேலை முடியும் காலம்.

நாய் போதும் அண்ணா. ஸ்லைடின் ஓரத்தில் துளித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் வியர்வைச் சுரப்பிகள் சுருள் சுருளாக இருந்தன. எந்த நாய்க்கும் கழுத்துத் தோலில் அப்படி இருக்காது. முதல் நாளே தெரிந்துவிட்டது. நீ நாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விரும்பினால் ஒளிந்துகொள் என்று விட்டேன். ஸ்லைடை மூடிவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். பிறகு, புற்று இல்லையே என்று சிரித்தேன்.

இப்போது விளையாட நேரமில்லை. மரபணுச் சோதனை வந்துவிட்டது. உன்னுடையது மனிதர்களிடம் வழக்கமாகக் காணும் கிருமி அல்ல, மாட்டு வகை. உனக்குத் தரும் நான்கில் ஒன்று அந்த வகையை எதுவும் செய்யாது. இத்துடன் உள்ள சீட்டை மருத்துவரிடம் காட்டி மாற்றச் சொல். சிகிச்சையும் நீளும். தயவுசெய்து வாதாடாதே.

இது உனக்கு எங்கிருந்து வந்தது? பால் காய்ச்சாமல் குடித்தாயா? மாடு வளர்ப்பவர்கள் யாராவது வீட்டுக்கு வந்து போகிறார்களா? அந்த ஆள் இருமிக்கொண்டு இன்னும் யார் யாருக்கோ கொடுத்துக்கொண்டிருப்பார். கண்டுபிடிக்க வேண்டும். என்னைத்தான் முதலில் சந்தேகித்திருப்பேன். நல்லவேளை, என் கை சாட்சி சொல்லிவிட்டது.

இங்கே எங்கள் மகாராணி போய்ச் சேர்ந்தாள். யார் வந்தாலும் எழுந்து நிற்காத பசு என்று முன்பு எழுதியிருந்தேனே, அவள்தான். ஊசி போட்டால் அவளுக்கு மட்டும் வீங்கவே வீங்காது. அதனால் நோயில்லாத மாடு என்று தனியே வைத்திருந்தோம். திறந்து பார்த்தால் நுரையீரலில் விரல் வைக்க நல்ல இடம் இல்லை. வீக்கம் என்பது உடம்பு போடும் கூச்சல், அண்ணா. நோய் மிஞ்சிப்போனால் கூச்சல் போடக்கூட உடம்பில் ஆள் இருக்காது. மேஸ்திரி தொப்பியைக் கழற்றிவிட்டு, “இத்தன நாளா நம்மள ஏமாத்திட்டாளே மகராசி” என்றார்.

உடனே பதில் எழுது.

தங்கை

*

ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

நலம். மாத்திரை மாற்றப்பட்டது. மருத்துவர் உன் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, “யாரு சார் இது, உங்க தங்கச்சியா? மாட்டு டாக்டர் நமக்கே மருந்து சொல்றாங்க!” என்றார். பிறகு இன்னொரு முறை படித்தார். அதன் பிறகு சிரிக்கவில்லை.

நாயின் பொருட்டு மன்னிப்புக் கோருகிறேன். அந்த இன்னொரு நோய் என்றுதான் உறுதியாக நம்பியிருந்தேன். எனக்காக வார்த்தையை இனிப்பாக்காத ஒருவரின் தீர்ப்பு வேண்டியிருந்தது. நீயோ அண்ணன் என்று தெரிந்தால் இனிப்பாக்குவாய்.

உன் கேள்விக்குப் பதில்: பால் காய்ச்சியே குடிக்கிறேன். மாடு வளர்ப்பவர் எவரும் இவ்வீட்டுக்கு வந்ததாக என் நினைவில் இல்லை.

உன் அசதி எப்படி இருக்கிறது? இருமல்? ஒருமுறை மருத்துவரிடம் போய்ப் பொதுவாகப் பார்த்துக்கொள்ளலாமே. குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லாமல் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

மே 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி வந்து எத்தனை வாரம் ஆகிறது! கட்டி கரைகிறதா?

உன் பால்காரரைத் தேடிப் பிடித்துவிட்டேன். அவருக்குப் பால் வரும் பண்ணைக்கே எழுதிக் கேட்டேன். எல்லா மாடுகளும் சோதிக்கப்பட்டவை. அங்கிருந்தும் வரவில்லை என்றால் எங்கிருந்துதான் வந்தது? மேஸ்திரி என்னைப் பார்த்து, “அண்ணன் வக்கீலு, தங்கச்சி போலீசா?” என்கிறார்.

பொதுவாகப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தாய். அறிக்கை வேலை முடியட்டும். எடை குறைந்திருக்கிறது, பழைய சட்டைகள் மறுபடி சேர்கின்றன. அதற்கு யாராவது மருத்துவரிடம் போவார்களா?

ஆராய்ச்சி முடிந்து கொட்டகைகளைக் காலி செய்துவிட்டோம். கழுவிச் சுண்ணாம்பு தெளித்தாகிவிட்டது. உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. விடுமுறை நாளில் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால், கொட்டகையில் மாடு இருமுகிற சத்தம் என்னை எழுப்பிவிடுகிறது. ஈரமான, ஆழமான இருமல், மகாராணியின் இருமல். எழுந்து போய்ப் பார்க்கிறேன். காலித் தொட்டிகள். வெள்ளைத் தரை. திரும்பி வந்து படுத்துக் கண்ணை மூடியதும் மறுபடி அதே சத்தம். முழித்திருக்கும்போது ஒருபோதும் கேட்பதில்லை. மேஸ்திரிக்கும் கேட்பதில்லை. குடியிருப்பில் இப்போது என்னைத் தவிர யாருமில்லை.

எதையாவது எழுது. திட்டியாவது எழுது.

தங்கை

*

ஏப்ரல் 18

அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இல்லை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

உன் இரண்டு கடிதங்களை அருகருகே வைத்து வாசித்தேன். பிப்ரவரிக் கடிதத்தில், ஆண்டுதோறும் வீங்கிய கை இம்முறை வீங்கவில்லை என்கிறாய். மார்ச்சுக் கடிதத்தில், நோய் மிஞ்சிப்போன பசுவுக்கு வீங்கவே வீங்காது என்கிறாய். இரண்டும் உன் கையெழுத்திலேயே இருக்கின்றன. இடையில் எவரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

இது கிடைத்தவுடன் மார்பை எக்ஸ்ரே எடு. வேலை முடியட்டும் என்று சொல்லாதே.

நான் ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. மாடு வளர்ப்பவர் எவரும் வீட்டுக்கு வரவில்லை என்று எழுதினேன். அந்த வாக்கியம் பொய் அல்ல. நீ மாடு வளர்ப்பவள் அல்ல. அப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதித்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறேன்.

இதில் உன் தவறு எதுவும் இல்லை. சாப்பிடாமல் கிடந்த ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியதைத் தவறு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அண்ணன்

பின்குறிப்பு: உன் மே மாதக் கடிதம் கிடைத்தது. மேலே உள்ளதில் எதையும் நான் மாற்றவில்லை. கொட்டகையில் எதுவும் இருமவில்லை, அம்மா. தூக்கத்தில் இருமுவது நீ.

*

ஜூலை 2

அன்புள்ள அண்ணனுக்கு,

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். பேசினால் இருமல் வருகிறது; அதனால் உனக்குப் பிடித்தபடி எழுத்துதான்.

எக்ஸ்ரேயை மருத்துவர் வெளிச்சத்தில் மாட்டினார். அவர் வாய் திறப்பதற்குள் நானே வாசித்துவிட்டேன். இரண்டு பக்கமும். வலது மேல்பக்கம் திசு கரைந்து ஒரு குகை. “நீங்களே சொல்லிட்டா நான் எதுக்குமா இருக்கேன்?” என்றார் பாவம். எந்த மாத்திரை பலிக்கும், எது பலிக்காது என்பதிலும் அவருக்கு வேலை வைக்கவில்லை. தொடங்கிவிட்டார்கள்.

ஆயிரம் பசுக்களுக்கு நடுவிலும் இதைக் கண்டுபிடித்திருப்பேன். என் கை என்றதும் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் நிலையத்தில் இனி இதைச் சொல்லியே புதியவர்களைப் பயமுறுத்துவார்கள்.

நான்தான் உனக்குக் கொடுத்தேன் என்பதைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஊட்டியதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். கடிதத்தில் தேதி ஏப்ரல். உறையில் தபால் முத்திரை ஜூன். இடையில் அது எங்கே இருந்தது?

நீ மாத்திரையை நிறுத்திவிடாதே.

தங்கை

*

ஜூலை 11

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இதை எழுத எனக்குக் கூசுகிறது; நீ கேட்பாய் என்பதால் எழுதுகிறேன்.

அது என் மேல்கோட்டின் உட்பையில் இருந்தது. நீதிமன்றத்துக்கும் வீட்டுக்குமாக என்னோடு போய் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் குமாஸ்தா, “தபால்ல சேக்கட்டுமா சார்?” என்றார். “இன்னும் முடியலை” என்றேன். ஒட்டிய உறையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

உன்னைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் எனக்கு வந்தது உன்னிடமிருந்துதான் என்று நீ அறியக் கூடாது. இரண்டையும் செய்யும் ஒரு வாசகத்தைத் தேடினேன். எத்தனையோ பேருக்கு அப்படிப்பட்ட வாசகங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உண்மையாகவும் இருக்கும், யாரையும் சுடாது. ‘பொதுவாகப் பார்த்துக்கொள்’ என்பது அதில் முதல் முயற்சி. அது உன்னை அசைக்கவில்லை. அடுத்தது கிடைத்துவிடும், அடுத்தது கிடைத்துவிடும் என்று நாள் போனது. நீ மெலிவதும் இருமுவதும் மே மாதக் கடிதத்தில் வந்தன. அதற்குப் பிறகும் பின்குறிப்பின் வார்த்தைகளை ஒரு வாரம் திருத்திக்கொண்டிருந்தேன்.

தேதியை மாற்றியிருக்கலாம். தேதியில் பொய் எழுத என் கை வரவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதிய அதே கை.

அந்தத் தாமதம் உனக்கு என்ன செய்தது என்பதை மட்டும் எனக்கு எழுது. பரிவு காட்டாமல் எழுது.

அண்ணன்

*

ஜூலை 29

மதிப்பிற்குரிய வக்கீல் ஐயா அவர்களுக்கு,

கொட்டகை மேஸ்திரி எழுதுகிறேன். தந்தி முன்னாலேயே கிடைத்திருக்கும். இவ்வளவு தூரம் வருமளவுக்கு உங்கள் உடம்பு இன்னும் தேறவில்லை என்று உங்கள் குமாஸ்தா சொன்னார். எல்லாக் காரியமும் நாங்களே குறைவில்லாமல் செய்துவிட்டோம். கவலைப்பட வேண்டாம்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்தபோது டாக்டரம்மாவால் காகிதத்தைப் பிடிக்க முடியவில்லை. என்னைப் படிக்கச் சொன்னார்கள். முகமூடி போட்டுக்கொண்டு படித்ததில் என் குரல் சரியாக விழவில்லை. உறையைப் பார்த்துக்கொண்டு குமாஸ்தா நின்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, “மேஸ்திரி, அண்ணனுக்கு எழுதிடுங்க. ஏப்ரல்லயே வந்திருந்தாலும் இதேதான், ஒரு வித்தியாசமும் இருந்திருக்காதுன்னு எழுதுங்க” என்றார்கள்.

“சரிம்மா” என்றேன்.

“அப்படியே எழுதணும். உங்க சரக்கெல்லாம் சேக்கக் கூடாது.”

அப்போது ஆஸ்பத்திரி டாக்டர் பக்கத்தில்தான் இருந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மறுநாள் விடிந்ததும் ரத்தமாக இருமினார்கள்.

அம்மா எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் என்று டாக்டரின் விலாசத்தைக் கீழே குறித்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விடக் கூடாது என்றும் அம்மா சொல்லியிருந்தார்கள்.

இப்படிக்கு,
மேஸ்திரி

*

ஆகஸ்ட் 14

மதிப்பிற்குரிய மேஸ்திரி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் தங்கைக்கு நான் செய்திருக்க வேண்டியவற்றை எல்லாம் தாங்கள் செய்தீர்கள். நன்றி என்ற சொல் அதற்குப் போதாது என்பதை அறிவேன்.

நான் குணமாகிவருகிறேன். மாத்திரையை நிறுத்தவில்லை. கழுத்தில் இப்போது தழும்பு மட்டும் இருக்கிறது. மருத்துவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தங்கை அனுப்பிய சீட்டு மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று தொடங்கினார். நிறுத்தச் சொன்னேன்.

தங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். அவள் அப்படி எழுதச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உண்மை என்று தாங்கள் எழுதவில்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் போனதையும் யாரும் கேட்காமலே சேர்த்திருக்கிறீர்கள். வாழ்நாள் முழுக்கச் சாட்சிகளைப் பார்த்தவன் நான். தங்களைப் போன்றவரைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரே கேள்வி, ஒரே வரி. நாற்காலியில் தொங்கும் கோட்டில் அது இருக்கிறது. கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, தாங்கள் தந்த விலாசத்தையும் எழுதிவிட்டேன்.

தேதி மட்டும் போடவில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்